ஏழாம் பக்கத்தில் மூன்று வரி

தோங்யோங்
3 மார்ச் 2011

அன்புள்ள தால்-சு அண்ணனுக்கு,

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். கிழிக்காமல் படியுங்கள். பக்கத்துத் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் துடுப்புப் போட, நான் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்றபடி வந்த காலைகள் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன.

‘குடிபோதையில் படகைப் பாறையில் மோதிய கேப்டன்’ என்று உங்களைப் பற்றி எங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் எழுதியவன் நான். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாள் ஆள் மாறிவிட்டது என்று தெரிந்ததும் ஏழாம் பக்கத்தில் மூன்று வரி திருத்தம் போட்டோம். இப்போது பத்திரிகையின் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பொய்யும் அப்படியே இருக்கிறது. நீக்கச் சொல்லட்டுமா?

கி-சோல்

யோக்ஜி தீவு
11 மார்ச்

கி-சோலுக்கு,

எனக்கு ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் நீ கிழங்கைத் தின்றது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

நீக்காதே. நீக்கினால், நீ எழுதவே இல்லை என்றாகிவிடும். ஊர் மனதில் இருப்பதோ அப்படியே இருக்கும். “உன் வீட்டுக்காரர் இன்னிக்காவது தெளிவா இருக்காரா?” என்று மீன் சந்தையில் மியோங்-ஜாவைக் கேட்டுச் சிரித்தவர்கள் யாரும் ஏழாம் பக்கத்தைப் படிக்கவில்லை. இணையத்தில் இருக்கும் அந்த முதல் பக்கத்திலேயே, அந்தத் தலைப்புக்கு மேலே, அதே பெரிய எழுத்தில் உண்மையைப் போடச் சொல். உன் பெயரோடு.

ஓக் தால்-சு

தோங்யோங்
2 ஏப்ரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

இப்போதைய ஆசிரியருக்கு என் மகன் வயதுதான். “இருபது வருஷப் பழசு சார், யாரு பார்க்கப் போறா?” என்றார். “அவர் சம்சாரம் இன்னும் அதே சந்தைக்குத்தான் தம்பி போறாங்க” என்றேன். நான்கு நாள் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நேற்று நீங்கள் சொன்னபடியே இணையத்தில் ஏற்றிவிட்டார்கள்; இன்றைய இதழிலும் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது. இதழை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என் பெயர் முதன்முதலில் அச்சில் வந்தபோது அதை வெட்டி உங்கள் படகின் சுக்கான் அறையில் ஒட்டி, ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டினீர்கள். என்னை மன்னிக்க முடியுமா அண்ணே?

கி-சோல்

யோக்ஜி தீவு
9 ஏப்ரல்

தம்பி கி-சோல்,

மியோங்-ஜா இதழை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனவள், மதியம்தான் வந்தாள். “ஏன் இவ்வளவு நேரம்?” என்றால், “கண்ணாடி கொண்டுவராதவங்களுக்கெல்லாம் நான்தானே வாசிச்சுக் காட்டணும்!” என்கிறாள்.

மன்னிப்பு இருக்கட்டும். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. நாற்பத்து நான்கு என்று போட்டிருக்கிறாய். இந்த முறையும் நீ என்னைக் கேட்கவில்லை. நேரில் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போ.

உன் அண்ணன்,
தால்-சு