டொக்டர் தேர்தலுக்கு நின்றபோது

இஞ்சாருங்கோ,

நேற்று இங்கே மொன்றியலில், ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மின்கம்பத்தில் எங்கள் மகளின் முகத்தைக் கட்டியிருந்தார்கள். நகரசபைத் தேர்தல் சுவரொட்டி. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போய் முதலில் கண்களைத்தான் பார்த்தேன். இரண்டும் இருந்தன.

மன்னாரில் உங்கள் முகத்தை ஆஸ்பத்திரி மதிலில் ஒட்டிய மறுநாள், யாரோ கண்களை மட்டும் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஓடிவந்து சொன்னேன். நீங்கள் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தீர்கள். "பேப்பர்தானே" என்றீர்கள்.

துப்பாக்கிச் சூடுபட்டவர்களுக்குத் தையல் போட்டுப் போட்டுக் களைத்து ஒருநாள் வீட்டுக்கு வந்தீர்கள். "நான் தைக்கிறன், அவங்கள் கிழிக்கிறாங்கள். ஆராவது போய்க் கதைக்கவேணும்." பிறகு நீங்களே ஆமி முகாமுக்கும் போனீர்கள், இயக்கத்துப் பெடியளிடமும் போனீர்கள். பிடிபட்ட மீனவர்களை உயிரோடு கூட்டிவந்தீர்கள். அதைக் கண்ட ஊர்தான் உங்களைத் தேர்தலில் நிற்கச் சொன்னது.

ஒரு மத்தியானம் மோட்டார்சைக்கிளில் இருவர் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். "அக்கா, டொக்டர் ஆஸ்பத்திரியோட நிக்கட்டாம். சொல்லிவிடுங்கோ." போகும்போது ஒருவன், முற்றத்தில் விளையாடிய மகளின் பெயரைக் கேட்டான். நான் பொய்ப்பெயர் சொன்னேன்.

அழுது கேட்டும் நீங்கள் விலகவில்லை. வென்றீர்கள். அந்த மாரிகாலம் முடியுமுன், கூட்டம் முடிந்து வரும் வழியில் உங்களைச் சுட்டார்கள். எந்தப் பக்கம் சுட்டது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மகள் டொக்டரானபோது சந்தோஷப்பட்டேன். தேர்தல் என்றதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அம்மா, இது மொன்றியல். இஞ்ச ஆரும் சுடமாட்டினம்" என்றாள். ஓம் என்றேன். ஆனாலும் வாசலில் மோட்டார்சைக்கிள் ஒன்று நின்றால் விளக்கை அணைத்துவிட்டு யன்னலால் பார்க்கிறேன்.

இன்று காலை தன் முதல் தேர்தல் கூட்டத்துக்கு வெளிக்கிட்டவள், கதவடியில் திரும்பிக் கேட்டாள்: "அப்பா ஒண்டுக்கும் பயப்படமாட்டாராம். உண்மையே?"

இத்தனை வருஷம் காத்ததைச் சொல்லிவிட்டேன். கோபிக்காதேங்கோ.

"வேட்புமனு குடுக்கப் போன அண்டைக்கு அவருக்குக் கை நடுங்கி, சேட்டுப் பொத்தான் பூட்ட ஏலேல்லை. நான்தான் பூட்டிவிட்டனான். 'ஒருத்தருக்கும் சொல்லாதையும்' எண்டவர்."

அவள் கிட்ட வந்தாள். பிறகு தன் கையை என் கைக்குள் வைத்தாள். குளிர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. உங்களுடைய அதே நடுக்கம். என் விரல்கள் அதை மறக்கவில்லை. "நில்லும், நானும் வாறன்" என்று சப்பாத்தைப் போட்டேன்.

மண்டபத்தில் எனக்கு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். நான் போகவில்லை. அவள் பிரெஞ்சிலும் தமிழிலும் கதைத்து முடியும்வரை கதவடிக் கதிரையில் இருந்து, உள்ளே வந்த ஒவ்வொருவரின் கைகளிலும் என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.