விளையாடாத ஐந்தாவது ஆட்டம்

ராத்தா,

நேற்றுப் பின்னேரம் குசினி வேலையை முடித்துக்கொண்டு கதிரையில் வந்து அமர்ந்தபோது, தொலைக்காட்சியில் பெண்கள் அணிகளுக்கான உலகக் கிண்ண பட்மின்டன் இறுதிப் போட்டி போய்க்கொண்டிருந்தது. ஒரு நாடு தன் மூன்றாவது வெற்றியை எடுத்துக் கிண்ணத்தையும் பிடித்துவிட்டது. ஓரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தளத்துக்குள் ஓடினார்கள். அவர்களில் ஒருத்தி தலைமயிரை இறுக்கிக் கட்டி, றக்கெட்டும் கையுமாக ஓடினாள். ஐந்தாவது ஆட்டத்துக்காக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நின்றவள்.

"இவ விளையாடவே இல்லையே. பிறகென்ன இந்தத் துள்ளுத் துள்ளுறா?" என்றார் என் கணவர்.

விளக்கிச் சொன்னேன். ஐந்து ஆட்டம், ஒற்றையரும் இரட்டையரும் மாறி மாறி வரும். மூன்றை முதலில் வெல்கிற அணிக்குக் கிண்ணம். மிச்சத்தை விளையாடத் தேவையில்லை. ஆகவே ஐந்தாவதாக நிற்பவள் பல தரம் வியர்த்ததோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சொல்லிக்கொண்டு போனவளுக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. பரிசு கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாம் வேலை செய்த துறைமுகத்து அலுவலகத்துக்குப் பின்னால், களஞ்சியச் சுவரோரம் நாம் கோடு கீறி விளையாடிய இடம் உங்களுக்கு மறந்திருக்காது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஷட்டில் எங்கள் சொல் கேட்காது. நேராக அடித்தால் பக்கத்துக் கோட்டைத் தாண்டிவிடும். எவ்வளவு தள்ளி அடித்தால் உள்ளே விழும் என்று எங்கள் கைகளுக்குத் தானாகவே தெரிந்திருந்தது. நீங்கள் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும்போது மடியில் ஒரு தயிர்ச் சட்டி இருக்கும். "காத்தும் நம்மட டீமில ஒரு ஆள்தான் புள்ள, அதுக்கும் ஒரு பங்கு வைக்கணும்" என்பீர்கள். காற்றின் பங்கையும் பிறகு நீங்களே சாப்பிடுவீர்கள்.

அணித்தலைவி நீங்கள், எங்கள் எல்லாருக்கும் மூத்த அக்கா. ஒவ்வொரு போட்டிக்கும் யார் எத்தனையாவது என்று முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற ஏலாது. உங்கள் பெயரை எப்போதும் ஐந்தாவதாகவே கொடுத்தீர்கள். "பின்னுக்கு நான் நிக்கிறன் எண்டு நினைச்சிட்டு விளையாடுங்க" என்பதுதான் எங்களுக்கு நீங்கள் சொல்வது. நாங்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே வென்றுவிடுவோம், அல்லது தோற்றுவிடுவோம். உங்கள் றக்கெட்டின் நரம்பு ஆயுளுக்கும் அறாது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

கண்டியில் நடந்த அலுவலக அணிகளின் போட்டிக்குப் போகும்போது, ஹபரணையில் தேத்தண்ணிக்கு பஸ் நின்றது. மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். உங்கள் வலது மார்பில் கட்டி, அடுத்த கிழமை கொழும்பில் சத்திரசிகிச்சை, அதற்குப் பிறகு கையைத் தூக்கி விளையாட முடியுமோ தெரியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இவ்வளவையும் நீங்கள் பிஸ்கட் பக்கற்றைப் பிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

"அப்ப முதலாவதா உங்கட பேரைக் குடுங்க ராத்தா. ஒரு ஆட்டமாவது ஆசைதீர விளையாடுங்க" என்றேன்.

"முதலாவதா வாறது அவங்கட கெட்டிக்காரி, நான் போனா தோத்துப்போவன். நாம போறது என்ட ஆசைக்கில்ல. மத்தாக்களுக்கு ஒண்டும் சொல்லிராத, எல்லாம் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு விளையாடுவாங்க."

எப்படியோ இறுதிவரை வந்துவிட்டோம். அதுவரை உங்களுக்கு ஆட்டம் வரவில்லை. இறுதியில் முதல் ஆட்டத்தைத் தோற்றோம். கண்டியில் மூடிய மண்டபம். எங்களில் முதலாவதாக விளையாடியவளோ பதற்றத்தில் பழைய பழக்கத்துக்குப் போய், இல்லாத காற்றுக்காகத் தள்ளித் தள்ளி அடித்தாள். அத்தனையும் ஒரே பக்கத்துக் கோட்டுக்கு வெளியே விழுந்தன. எங்களுக்கு என்ன பிழை என்றே விளங்கவில்லை. உங்களுக்குத்தான் விளங்கியது. "காத்து இல்ல புள்ள! இஞ்ச காத்து இல்ல!" என்று நீங்கள் கத்தியதைக் கேட்டு மண்டபமே திரும்பிப் பார்த்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்றோம்.

நான்காவது என்னுடையது. சுபாவும் நானும் இரட்டையர். நாங்கள் வென்றால் கிண்ணம். தோற்றால் இரண்டுக்கு இரண்டு, கடைசி ஆட்டம் உங்களுக்கு. ஆளுக்கொரு செட் எடுத்து மூன்றாவதில் நின்றபோது, மூலையில் நீங்கள் கயிறடித்துக் குதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டேன். உடுப்பெல்லாம் நனைந்து, முகம் சிவந்து, உங்கள் முறைக்கு நீங்கள் ஆயத்தமாக நின்றீர்கள். நான் வென்றால் இந்த மனுசி இனி விளையாடவே மாட்டாள் என்று மனதுக்குள் ஏதோ சொன்னது. அதற்குப் பிறகு என் கை எழவில்லை. தொட்டதெல்லாம் வலையில் விழுந்தது. சுபா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பாதி செட்டில் பக்கம் மாறும்போது நீங்கள் தண்ணீர்ப் போத்தலோடு வந்தீர்கள். சுபாவுக்குக் கேட்காத குரலில் கதைத்தீர்கள்.

"என்ன செய்யிற நீ?"

"ஒண்டுமில்ல ராத்தா."

"எனக்கு விளங்காதெண்டு நினைக்காத. எனக்காக ஒரு புள்ளி விட்டியெண்டாலும், மௌத்தாகுற வரைக்கும் உன்னோட கதைக்கமாட்டன். போய் அடி."

போய் அடித்தேன். அழுகையும் ஆத்திரமுமாக அடித்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் என் பெயரைச் சொல்லிக் கத்தினீர்கள். வென்றோம். முதலில் ஓடி வந்து என்னைத் தூக்கியதும் நீங்கள்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் இருந்தேன். "விளையாடக் கிடைக்கேல்ல எண்டு கவலையா?" என்று கேட்டேன். "எனக்கென்ன கவலை? வெண்டாச்சு. தூங்கு புள்ள" என்று சொல்லி, முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். களைப்பு என்று நினைத்து நான் தூங்கிவிட்டேன்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு உங்கள் கை தோளுக்கு மேல் எழவில்லை. சுவரோரம் கதிரை போட்டு இருந்து எங்களுக்குப் பிழை சொன்னீர்கள். மறு வருடம் மழைக்காலத்தில் உங்கள் மௌத்துச் செய்தி வந்தது. உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி நாங்கள் எல்லாரும் வந்தோம். உங்கள் உம்மா என் கையைப் பிடித்து, "கப்பு வெண்ட கதைய எத்தின தரம் சொல்லியிருப்பா தெரியுமா" என்றார். உங்களுக்கு ஆட்டம் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இப்போது அணித்தலைவி நான். என் பெயரை ஐந்தாவதாகக் கொடுக்கிறேன். வயது போய்விட்டது என்று அணிப் பிள்ளைகள் நினைக்கிறார்கள், நினைக்கட்டும். போன மாதம் அனுராதபுரத்தில் நான் வியர்த்து நின்றபோது எங்கள் பிள்ளைகள் மூன்றாவது வெற்றியை எடுத்துவிட்டார்கள். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன், உண்மையான சந்தோசம்தான். ஆனால் பஸ்ஸில் ஏறி அமர்ந்ததும் நெஞ்சுக்குள் ஒன்று நொந்தது. பாட்டும் கும்மாளமுமாக இருந்த பிள்ளைகளுக்குக் காட்டாமல், நானும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நோகும் ராத்தா. நன்றாகவே நோகும். எனக்கு அடுத்த போட்டி இருக்கிறது, அப்படியிருந்தும் நொந்தது. உங்களுக்கு அடுத்தது இல்லை என்று தெரிந்துகொண்டு, உங்கள் ஆட்டத்தை இல்லாமல் ஆக்கிய ஒவ்வொரு புள்ளிக்கும் நீங்களே என் பெயரைச் சொல்லிக் கத்தினீர்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அனுராதபுரத்திலிருந்து வரும் வழியில்தான் எனக்கு விளங்கியது.

மார்கழியில் மட்டக்களப்பில் போட்டி. நோகும் என்று தெரிந்துகொண்டே, என் பெயரை ஐந்தாவதாகக் கொடுத்திருக்கிறேன்.