காலையில் குதிரை, மத்தியானம் எருமை

8 செப்டம்பர் 2009, செவ்வாய்

டைனோ இன்று ஓடியது. எழுதும்போதே சிரிப்பு வருகிறது. மதுரை கோச்சடையில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் தரையோடு பதித்த ஓர் இரும்பு உருளை, அதன்மேல் பைக்கின் பின்சக்கரம். பைக் நின்ற இடத்திலேயே நிற்கும். சக்கரம் உருளையைச் சுழற்றும். எஞ்சினின் சக்தி என் லேப்டாப்பில் கோடாக ஏறும். அதுதான் டைனோ. உருளையும் சட்டமும் செல்வக்குமாரின் கைவேலை. காலேஜில் எனக்குப் பின் பெஞ்சில் தூங்கியவன் இவ்வளவு நேராக வெல்டிங் வைப்பான் என்று யார் நினைத்தது? கம்ப்யூட்டர் பக்கம் முழுக்க நான்.

முதல் ஓட்டத்தில் கொட்டகையே அதிர்ந்தது. பக்கத்து வீட்டு மலையம்மாள் அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, மாவு மில்லா வைக்கிறீக?" என்றார். "ஆமாக்கா, அரைக்கணும்னா கொண்டாங்க" என்று செல்வா சொல்லிவிட்டான். நாளைக்கு அவர் அரிசியோடு வந்து நின்றால் நான் பொறுப்பில்லை.

12 செப்டம்பர், சனி

அப்பா இன்று பேசினார். சுங்குடித் துணியை விரித்து, முடிச்சு விழ வேண்டிய இடங்களில் புள்ளி குறித்துக்கொண்டே பேசினார். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். அப்பாவுக்குக் கோபம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார், கடையில் கடன்காரனிடம் பேசுவது போல.

"தீபாவளி வரைக்கும்தான். பத்தொம்பதாம் தேதி பெங்களூர்ல வேலையில சேர்ற. உங்க சித்தப்பா சொல்லி வச்சாச்சு. இஞ்சினியருக்குப் படிச்சிட்டுப் பட்டறையில போய் நிக்கிறது என்ன பழக்கம்?"

நானும் தமிழிலேயே பதில் சொன்னேன். அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி கோவையில் ரேஸ். வெளியாள் ஒருவர் நம்பி எங்களிடம் கொடுக்கப்போகும் முதல் பைக் அதில் ஓடுகிறது. அது நன்றாக ஓடவில்லை என்றால் வாயைத் திறக்காமல் பெங்களூர் போகிறேன் என்றேன். ஓடினால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அடுத்த புள்ளிக்குப் போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய். எல்லாம் இந்த வாய்தான்.

15 செப்டம்பர், செவ்வாய்

அந்த வெளியாள் வந்துவிட்டாள். தாமரைச்செல்வி, திருவாதவூர்க்காரி, வயது இருபத்திரண்டு. ஊரிலிருந்து அதே பைக்கை ஓட்டிக்கொண்டே வந்தாள். ரேஸும் அதே பைக்கில்தான்.

கார்பரேட்டர் இல்லாத வண்டி. எந்த வேகத்தில், ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு பெட்ரோல் என்று உள்ளே ஓர் அட்டவணை இருக்கிறது. அதுதான் மேப். அதைத் திருத்த நானே ஒரு கறுப்புப் பெட்டி செய்து சீட்டுக்கு அடியில் பொருத்தியிருக்கிறேன். கோவை நம் ஊரைவிட மேடு, அங்கே காற்று கொஞ்சம் லேசு. அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்க, பெட்டிக்குள் காற்றழுத்தம் பார்க்கும் சென்சார் ஒன்று வைத்தேன். அது மூச்சுவிட மூடியின் நடுவில் ஊசித் துளை. இந்த யோசனைக்காக என் முதுகில் நானே தட்டிக்கொள்ளலாம்.

"எம்புட்டு நாளாகும்க்கா?" என்றாள்.

"ரேஸுக்கு முன்னாடி" என்றேன்.

19 செப்டம்பர், சனி

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போகிறது. வரும்போது தகரக் கொட்டகை அடுப்பாகிவிடுகிறது. ஆகவே காலையில் மட்டும் வேலை. கோடு இன்று தடுமாறாமல் ஏறியது. செல்வா விசில் அடித்தான்.

27 செப்டம்பர், ஞாயிறு. ஆயுத பூஜை

அம்மாவின் தொல்லை தாங்காமல் அப்பா கொட்டகைக்கு வந்தார். முதல் தடவை. செல்வா சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி உருளையிலும் அதன்மேல் நின்ற தாமரையின் பைக்கிலும் பட்டை போட்டான். பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் உண்டு. நாங்கள் வாசலில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தோம். அப்பா மட்டும் உள்ளேயே நின்றார். வெளியே வந்தார், கையைக் கழுவினார், "போலாமா" என்று அம்மாவிடம் கேட்டார். அவ்வளவுதான்.

ஒரு வார்த்தை. நல்லாயிருக்கு என்றுகூட வேண்டாம், இது என்ன என்று கேட்கலாமே? மனசு விட்டுப்போச்சு. பொரியைக்கூட நான் தின்னவில்லை.

30 செப்டம்பர், புதன்

தாமரை நேற்று முழுக்க வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னது: "அக்கா, காலையில குதிரை, மத்தியானம் எருமை. ஒத்தக்கடை தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்குது."

பிளக்கைக் கழற்றினால் கரி. பெட்ரோல் அதிகம். போன வாரம் வரை இப்படி இல்லையே?

2 அக்டோபர், வெள்ளி

நேற்று பெட்ரோலைக் குறைத்தேன். மத்தியானம் சரியானது. இன்று காலை எடுத்தால் இருமுகிறது.

3 அக்டோபர், சனி

கூட்டினேன். மறுபடி எருமை.

5 அக்டோபர், திங்கள்

செல்வாவுக்கும் எனக்கும் சண்டை. இன்ஜெக்டர் என்கிறான், பெட்ரோல் பம்ப் என்கிறான், திருவாதவூர் ரோட்டுப் புழுதி என்கிறான்.

"உன் பெட்டியத் தவிர எல்லாத்தையும் கழத்தியாச்சு காவ்யா" என்றான்.

"பெட்டியில ஒண்ணும் இல்ல. அது நான் செஞ்சது."

"அதான் சொல்றேன்."

சாவியை மேசையில் வீசிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் சித்தப்பாவின் போன். பெங்களூரில் தங்க இடம் பார்த்துவிட்டாராம். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். போய்த்தான் ஆகணுமா? தோத்துட்டுப் போறதுதான் வலிக்குது.

7 அக்டோபர், புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இன்று இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும், அடுப்பானால் ஆகட்டும் என்று வண்டியை உருளையில் ஏற்றினோம். செல்வா ஓட்டினான், நான் லேப்டாப்பில் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். இத்தனை நாளும் ஒரு கட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை: காற்றழுத்தம். எஞ்சின் சூடாகச் சூடாக அது ஏறிக்கொண்டே போனது. மதுரை என்ன பள்ளத்தில் இறங்குகிறதா?

சீட்டைக் கழற்றினேன். பெட்டி மூடியின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு. ஊசித் துளையின் மேலேயே, காய்ந்து, சிமென்ட் பூசியது போல அடைத்திருந்தது. உள்ளே மாட்டிய காற்று சூட்டில் விரிகிறது, சென்சார் அதை அழுத்தம் என்று நம்புகிறது, பெட்ரோலை ஊற்றுகிறது. காலையில் பெட்டி குளிர்ந்திருப்பதால் குதிரை.

"எவன்டா இங்க போய்ப் பொட்டு வச்சது?" என்று கத்தினேன். பத்து நாள் போச்சு. செல்வா இரண்டு கையையும் தூக்கினான். "நானில்ல. என் பொட்டு இம்புட்டு அழகாவா இருக்கும்?"

உண்மைதான். சிறிய, சுத்தமான வட்டம். அதற்குச் சரியாக நடுவில் குங்குமம். மூடியின் நான்கு ஓரத்திலிருந்தும் ஒரே தூரம். அளவெடுக்காமல் துணியில் இப்படிப் புள்ளி வைக்கிற விரல் எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

அப்புறம் மற்றதையும் பார்த்தேன். என் ஸ்க்ரூடிரைவர் பிடிகளில், மல்டிமீட்டரில், லேப்டாப் மூடியின் மூலையில், சால்டரிங் அயர்ன் ஸ்டாண்டில், ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. அம்மா வைத்தது என்று நினைத்துத் துடைக்காமல் விட்டிருந்தேன். அம்மாதான் எங்களோடு வாசலில் நின்றாளே. செல்வாவின் சாமான் எதிலும் இல்லை. எது என்னுடையது என்று அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறார். சீட்டைக்கூடத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

அழுதுவிட்டேன். செல்வா பயந்துபோய் டீ வாங்கி வந்தான். ஊக்கு முனையால் துளையை மட்டும் குத்தித் திறந்தேன். மற்ற பொட்டுகளைத் தொடவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. இப்போது சொன்னால் சண்டையாகத்தான் கேட்கும்.

8 அக்டோபர், வியாழன்

பழைய மேப்பையே ஏற்றினேன். காலை, மத்தியானம் இரண்டு வேளையும் ஒரே கோடு.

11 அக்டோபர், ஞாயிறு. கோவை

வண்டி முன்னாடியே டெம்போவில் போனது. நாங்கள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வந்தோம். ரேஸ் சரியாக உச்சி வெயிலில். நான் சீட்டைத் தூக்கி ஊசித் துளையை மறுபடி பார்த்தேன். தாமரை உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதாக வந்தாள். கடைசி வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி ஒரு இருமல்கூட இருமாமல் இழுத்தது. அந்தச் சத்தம் போதும் எனக்கு. இறங்கினதும் ஹெல்மெட்டைக் கழற்றி, "எருமை எங்கக்கா? ஊர்லயே விட்டுட்டு வந்துட்டீகளா?" என்றாள். அங்கேயே இரண்டு பையன்கள் செல்வாவிடம் வந்து கோச்சடை எங்கே இருக்கிறது என்று வழி கேட்டார்கள். ஒருவன் சேலத்துக்காரன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள். பின்னாலிருந்து அப்பாவின் குரல், "அந்தப் பொண்ணு எங்கயும் விழலையே?" என்று கேட்டது.

13 அக்டோபர், செவ்வாய்

சேலத்துப் பையன் நிஜமாகவே வண்டியோடு வந்து நிற்கிறான். அப்பா இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் பெங்களூருக்குத் துணிமணி கட்ட ஆரம்பிக்கவில்லை.

17 அக்டோபர், சனி. தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லி தின்று, வெடிச் சத்தம் கொஞ்சம் அடங்கியதும் அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பொட்டு, துளை, எருமை, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவருக்கு வரவில்லை.

"நடுவுலதானே வச்சேன்?"

"நடுவுலதாம்ப்பா ஓட்டை."

"காத்துக்கா?"

"ஆமா."

தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். நான்தான் தப்பாக ஆரம்பித்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார், கோபமில்லாமல், வீட்டுப் பாஷையில்:

"அடுத்த வருஷம் பூஜைக்கு முன்னாடியே எனக்குக் காட்டிடு. பொட்டைத் தள்ளி வைக்கிறேன்."

நாளை மறுநாள்தான் பத்தொன்பதாம் தேதி. அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. நான் சரி என்றேன்.