வாய்க்கால் ஓரத்து இரண்டு ஏக்கர்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். துறைமுகத்தில் உனக்கு வேலை சுமுகமாகப் போகும் என்று நம்புகிறேன். கிரேன் மேல் ஏறும்போது கவனமாக இரு. இங்கே நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும். மில் ஓடுகிறது. மனசுதான் ஓட மறுக்கிறது. உன் மனைவி நடந்ததை முன்பே எழுதியிருப்பாள். என் பக்கத்தையும் கேள்.

பெரிய பண்ணையை அரசாங்கம் எடுத்துப் பிரித்துக் கொடுப்பது உனக்குத் தெரியும். நம் வீட்டிலிருந்து இரண்டு மனுக்கள் போயின. ஒன்று என்னுடையது, இன்னொன்று உன் மனைவியுடையது. அவள் மனுப் போட்டபோது நான் சிரித்தேன். "உனக்கு எங்கேம்மா குடுக்கப் போறாங்க? எனக்குக் கிடைச்சா நம்ம எல்லாருக்கும் கிடைச்ச மாதிரிதானே" என்றேன். "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்தத் தடவை எதையும் மூடி மறைக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். யாருக்கு எந்த நிலம், ஏன் கிடைத்தது, கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை, அத்தனையையும் ஊர் கூடியிருக்கும்போது படிக்க வேண்டுமாம். தானியக் கிடங்கின் முற்றத்தில் மைக் கட்டினார்கள். நான் சலவைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "வாய்க்கால் ஓரத்து இரண்டு ஏக்கர்" என்று சொல்லி, நம் அப்பா பெயரில் தொடங்கினார்கள். நான் பாதி எழுந்துவிட்டேன். பிறகுதான் மீதியும் காதில் விழுந்தது. அவருடைய இளைய மருமகளாம். பண்ணையில் எட்டு வருடம் கூலிக்கு நட்டுக் களையெடுத்தவர், சொந்த நிலம் இல்லாதவர் என்று காரணமும் படித்தார்கள். எழுந்தவன் உட்கார முடியாமல், தண்ணீர் குடிக்கப் போகிறவன் போலக் குழாயடிக்கு நடந்தேன். அங்கே நிற்கும்போதுதான் என் பெயர் வந்தது. மாவு மில் நடத்துகிறவர், வயலில் இறங்கி வேலை செய்தவர் அல்லர், மனு தள்ளுபடி. பக்கத்தில் நின்ற தையல்காரர், "விடுங்கண்ணே, உங்க வீட்டுக்குள்ளதானே வந்திருக்கு" என்றார். அது ஆறுதலா குத்தலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது தம்பி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த மண்ணைக் கையில் எடுத்தால் ஈரம் ஒட்டும். சைக்கிளில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இங்கே களம், அங்கே மாட்டுக் கொட்டகை என்று மனசுக்குள்ளேயே கட்டி முடித்திருந்தேன். இப்போது சாயங்காலம் உன் மனைவி கொல்லையில் நின்று காலில் ஒட்டிய சேற்றைக் கழுவும் சத்தம் கேட்டாலே எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

பெயர் படித்த பிறகு ஆட்சேபணை சொல்ல அவகாசம் கொடுத்திருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். புருஷன் துறைமுகத்தில் சம்பாதிக்கிறான், இவளுக்கு எதற்கு நிலம் என்று எழுதினேன். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆட்சேபணையையும் மைக்கில்தான் படிப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்! அதிகாரி அம்மா நிறுத்தி நிதானமாகப் படித்தார். முற்றம் முழுக்க என் பக்கம் திரும்பியது. இதை ஆதரித்துப் பேச யாராவது உண்டா என்று கேட்டார். தினமும் மில் வாசலில் நின்று என்னோடு ஊர்க்கதை பேசுகிறவர்கள்கூட வாய் திறக்கவில்லை. எதிர்த்துப் பேச உண்டா என்றதும் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள்.

உன் அண்ணி.

"எங்க வீட்டுக்காரரு கெட்டவரு இல்லைங்க. பொறாமை, வேற ஒண்ணுமில்ல. நிலத்தை அவளுக்கே குடுங்க. அவ குனிஞ்ச இடுப்பு நிமிராம வீடு வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கேன்" என்றாள். முற்றமே சிரித்தது. அதிகாரி அம்மாவும் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். நிலம் உன் மனைவிக்கே என்று உறுதியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தும் உன் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். தட்டை வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், போய்விடுகிறாள். "மாமா" என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோயிற்று.

அந்த நிலத்தில் உன் மனைவி போட்ட மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. அவளும் உன் அண்ணியும் வாளியில் மொண்டு ஊற்றுகிறார்கள். அப்பாவின் பழைய தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் கொட்டகையில் கிடக்கிறதல்லவா? அதைக் கழற்றித் துடைத்து வாஷர் மாற்றினேன். சும்மா கிடந்தால் துருப்பிடிக்குமே என்றுதான். கொல்லையில் வைத்து ஓட்டியும் பார்த்தேன். அவ்வளவு சத்தத்துக்கும் இரண்டு பேரில் ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நானாகத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் ஊர் என்ன பேசும் என்று உனக்கே தெரியும். அவளும் கேட்க மாட்டாள். அதனால் நீ அவளுக்கு ஒரு வரி எழுது, மாமாவிடம் எஞ்சினைக் கேள் என்று. நான் சொல்லி எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. கேட்டால் மறுக்க மாட்டேன். கொஞ்சம் முறைப்பேன், அதை அவள் பெரிதுபடுத்த வேண்டாம். இன்றைக்கே எழுதிவிடு தம்பி, இலை சுருள ஆரம்பித்துவிட்டது.

நீயும் அவளும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அண்ணன்