கறுப்பு றிம்மில் போன கல்யாணக் கார்

என் அருமை ஸ்டெல்லா மச்சாள்,

போன ஞாயிறு கொட்டாஞ்சேனைக் கோயிலில் உங்களுக்காக ஆண்டு நினைவுப் பூசை ஒப்புக்கொடுத்தோம். எப்போது எழும்புவது, எப்போது முழங்காலில் நிற்பது என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற உங்கள் தம்பி அன்ரன்தான் முழங்கையைப் பிடித்து எழுப்பி எழுப்பி விட்டார். நீங்கள் நின்றிருந்தால் பூசைக்குள்ளேயே சிரித்திருப்பீர்கள்.

வெள்ளவத்தையில் சைவ வீட்டில் பிறந்த நான், கத்தோலிக்கரான அன்ரனைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தபோது, முதல் நாளே “மச்சாள், நீ தேத்தண்ணிக்கு சீனி போடுறதா?” என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் 'நீர்' என்றுதான் கதைப்போம். அந்த 'நீ' முதலில் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு கிழமையில் அது இல்லாமல் எனக்கு ஏலாமல் போனது. நமது தமிழில் ஒரு வசதி, நீங்களும் எனக்கு மச்சாள், நானும் உங்களுக்கு மச்சாள்.

இதைப் பத்திரிகையில் வாசிப்பவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்தவர். மற்றவர்களுடைய கொன்ரெய்னர்களை விடுவித்துக் கொடுத்துக் கொடுத்தே, நானும் ஒன்றை இறக்கினால் என்ன என்று யோசித்தவர். ஜப்பானில் கார்களிலிருந்து கழற்றிய அலோய் வீல்களை இறக்கி, பஞ்சிகாவத்தையில் கடை போட்டீர்கள். அந்த உதிரிப்பாகத் தெருவில் பெண் முதலாளி நீங்கள் ஒருவர்தான். சிங்களவரும் தமிழரும் சோனகரும் 'வீல் அக்கா' என்றுதான் சொல்வார்கள்.

உங்கள் கடையில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டு சுவர்கள். இடது பக்கம் ஒரிஜினல், வலது பக்கம் கொப்பி. ஒரிஜினல் என்றால் அந்தக் கொம்பனி தானே வடிவமைத்து, பாரம் ஏற்றி, அடித்துப் பார்த்து, தன் பெயரைப் பதித்து விடுவது. கொப்பி என்றால் அதே வடிவத்தை வேறு யாரோ மலிவாக வார்த்து விடுவது. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

நான் உங்கள் கடைக்கு வேலைக்கு வந்த புதிதில், கொப்பியை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “பேங்கில வேலை செய்யுற பொடியன் ஒருத்தன், சின்னக் கார் வச்சிருக்கான். அதை வடிவாப் பாக்க ஆசைப்படுறான். அவனுக்கு ஆசை இருக்கக் கூடாதா? கொப்பியைக் கொப்பின்னு சொல்லி வித்தா அதில வெக்கம் இல்ல மச்சாள். கொப்பியில ஒரிஜினல் பேரை அடிச்சு வித்தா, அது களவு.” கொப்பி வாங்க வருபவரைக் குறைவாகப் பார்த்ததே இல்லை நீங்கள். எங்கே ஓடுவீர்கள், எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்று விசாரிப்பீர்கள். பாரம் ஏற்றும் வான் என்றால் வலது சுவர்ப் பக்கம் போகவே விட மாட்டீர்கள்.

வாகன இறக்குமதி நின்றிருந்த அந்தக் காலத்தில் நல்ல வீல் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அப்போதுதான் களனிப் பக்கத்து வியாபாரி ஒருவர் சில செற் கொண்டுவந்தார். பெயர், அளவு, ஜப்பான் தரமுத்திரை எல்லாம் உள்பக்கம் சரியாகப் பதிந்திருந்தன. நீங்கள் டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். இடது சுவரில் ஏற்றினோம். ஒரே மாதத்தில் எல்லாம் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை, ஹயர் வான் ஓட்டும் சுனில் வந்தார். “அக்கே, மேக்க பலன்ன” என்று சிங்களத்தில் பார்க்கச் சொல்லி, அந்தச் செற்றில் வாங்கிய ஒரு வீலைத் தூக்கிக் காட்டினார். டயர் புதிது, ஆனால் காற்று நிற்கவில்லையாம். ஆரம் வளையத்தைச் சேரும் இடத்தில் மயிர் போல ஒரு கீறல். நீங்கள் கடை மெக்கானிக் பாரூக் நானாவைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் வெட்டச் சொன்னீர்கள். மூலையில் கிடந்த, நெளிந்துபோன பழைய ஒரிஜினல் ஒன்றையும் வெட்டச் சொன்னீர்கள். ஒரிஜினல் உள்ளே வழுவழுவென்று வெள்ளியாக இருந்தது. சுனிலுடையது பாண் துண்டு மாதிரிப் பொத்தல் பொத்தலாக இருந்தது: ஒரிஜினல் பெயர் அடித்த கொப்பி.

உங்கள் முகத்தை நான் அன்றுதான் அப்படிப் பார்த்தேன். கதிரையில் உட்கார்ந்து இரண்டு துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

“சுனிலுக்கு வேறொண்ணு மாத்திக் குடு அக்கா. ரோட்டில குழி, எங்கயாவது அடிச்சிருப்பான்னு சொன்னா முடிஞ்சுது,” என்றார் அன்ரன். தெருவில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

“சுனிலுக்குக் காத்துத்தான் போச்சு. அடுத்தவனுக்கு என்ன போகும்?” என்று கேட்டுவிட்டு நீங்கள் போனை எடுத்தீர்கள்.

அன்று பின்னேரம் முழுக்க வாங்கினவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டீர்கள். ஒருவர் ஏசினார். ஒருவர் நன்றி சொன்னார். எல்லாருக்கும் நீங்கள் சொன்னது ஒன்றுதான்: “ஒரிஜினல்னு சொல்லி வித்தேன். அது ஒரிஜினல் இல்ல. ஓட வேணாம், கொண்டுவாங்க, காசு திருப்பித் தர்றேன்.” ரமணன் என்ற தம்பி மட்டும் போன் எடுக்கவே இல்லை. அவருக்கு மறுநாள் வெள்ளவத்தையில் கல்யாணம். அதற்காகத்தான் அந்த வீலையே வாங்கியிருந்தார். முடிந்ததும் பொம்பிளையை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் தெற்கே காலிப் பக்கம் போகப்போவதாகச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டவர்.

நீங்கள் ஞாயிற்றுப் பூசையை விட்டதை நான் கண்டது அன்று ஒரு நாள்தான். ரமணனுடைய காரில் கழற்றிய கறுப்பு இரும்பு றிம்கள், பழைய டயரோடு எங்கள் கடையிலேயே கிடந்தன. அவற்றை ஏற்றிக்கொண்டு நானும் நீங்களும் பாரூக் நானாவும் காலி வீதியால் போனோம். நடுவில் நகைக்கடை ஒன்றைக் கண்டதும் காரை நிறுத்தச் சொன்னீர்கள். “கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோட போறதா? உங்க ஆளுங்களுக்கு என்ன குடுப்பாங்க?” நான்தான் குங்குமச் சிமிழ் எடுத்துத் தந்தேன்.

மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து, படம் எடுக்க வரிசை நின்றது. கிறீஸ் மணக்கும் கையோடு நீங்களும் வரிசையில் நின்றீர்கள். பட்டுச் சேலைகளுக்கு நடுவில் உங்கள் கொட்டன் சட்டையை எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மண்டபத்தில் பாதிப் பேரைத் தெரியும். நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

மேடையில் ஏறிச் சிமிழைக் கொடுத்து வாழ்த்திவிட்டு, மெதுவாகத்தான் சொன்னீர்கள். “தம்பி, அந்தக் காரை இன்னைக்கு ஹைவேக்கு எடுக்க வேணாம்.”

ரமணன் கமெராவைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லைக் கடித்தார். “அக்கா, படத்தை எடுத்திட்டுப் போங்கோ. நாளைக்குக் கதைப்பம்.”

“நாளைக்கு இல்ல தம்பி. இன்னைக்கு.”

மாப்பிள்ளையின் சித்தப்பா கிட்ட வந்துவிட்டார். “நல்ல நாள் அதுவுமா இது என்ன அபசகுனக் கதை? ஆர் நீங்கள்?”

அப்போது அந்தப் பிள்ளை, மணப்பெண், மாலையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள். “அக்கா, என்ன பிரச்சினை? என்னட்டைச் சொல்லுங்கோ.”

“பிள்ளை, அந்த வீல் நான் வித்தது. நல்லதுன்னு நம்பித்தான் வித்தேன். நேத்துத்தான் தெரியும், அது பொய்ச் சாமான். வேகமா ஓடுறப்ப உடைஞ்சா நீங்க ரெண்டு பேரும்தான் உள்ளுக்கு.”

“இப்ப மாத்த ஏலுமா?”

“கீழ ஆள் நிக்குது. நீங்க சாப்பிட்டு முடியுறதுக்குள்ள முடிச்சிருவோம். ஆனா பழைய கறுப்பு றிம்தான். வடிவா இருக்காது.”

அவள் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “ரமணன், சாவியைக் குடுங்கோ.”

ரமணன் கொடுத்தார். முகம் கடுகடுவென்று இருந்தது, ஆனால் கொடுத்தார். கார் நிறுத்தும் இடத்தில் ரோஜாப்பூக் கட்டின காருக்குக் கீழே பாரூக் நானா ஜக் வைத்தார். வெயிலில் நீங்கள் குந்தியிருந்து நட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டீர்கள். சமையல்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள். கடைசியில் முன்னுக்குப் பூவும் கீழே கறுப்பு இரும்புமாக அந்தக் கார் வெளியே போனபோது, ஜன்னலுக்குள்ளால் அந்தப் பிள்ளை உங்களுக்குக் கை காட்டிச் சிரித்தாள். ரமணன் நேரே பார்த்தபடி ஓட்டினார்.

கழற்றிய நாலு வீலையும் கடைக்குக் கொண்டுவந்து கழுவிப் பார்த்தோம். ஒன்றிலும் கீறல் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. “அப்ப சும்மாவா மச்சாள் இவ்வளவு வெக்கக்கேடும்?” என்று கேட்டேன்.

“கீறல் இல்லாட்டி நல்லதுதானே,” என்றீர்கள். உண்மையாகவே உங்களுக்குச் சந்தோசம். அந்தச் சந்தோசத்தை நான் இன்றைக்கும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தான் சொன்னது சரி என்று காட்ட ஒரு கீறலாவது இருந்திருக்கக் கூடாதா என்று யாருக்கும் தோன்றும். உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

அடுத்த கிழமை அந்தக் களனி வியாபாரி ஆள் அனுப்பினார். வீல்களை வெட்டாமல் முழுசாகத் திருப்பித் தந்தால் முழுப் பணமும் தருவதாகச் செய்தி. அன்ரனுக்கு உயிர் வந்தது. நீங்கள் வந்தவரிடம் கேட்டீர்கள்: “திருப்பிக் கொண்டுபோய் அவர் என்ன செய்வார்?” அந்த மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பு உங்களுக்குப் போதும். அன்றே பாரூக் நானாவிடம் கிறைண்டரைக் கொடுத்து எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னீர்கள். தெரு முழுக்கச் சத்தம். அன்ரன் உங்களோடு கதைக்காமல் திரிந்தார். இடது சுவர் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. நீங்கள் வலது சுவருக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களோடு சிரித்துச் சிரித்துக் கொப்பி விற்றீர்கள்.

மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். சுனில்தான் முதலில், தன் ஸ்ராண்டில் நிற்கும் வான்காரரை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு உங்களுக்குப் புற்றுநோய் வருத்தம் வந்தது. மகரகம ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றப் போகும் வழியெல்லாம், முன்னால் போகும் கார்களைப் பார்த்து ஒரிஜினல், கொப்பி என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

உங்கள் செத்தவீட்டில் நடந்ததை உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ரமணன் வந்திருந்தார், மனைவியோடு. பெட்டி தூக்கும் நேரம் அன்ரனுக்கு அடுத்ததாகத் தோள் கொடுத்தார். மற்றப் பக்கம் சுனில், பின்னால் பாரூக் நானா. ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியாது. ஒழுங்கையில் எல்லாரும் ஒரே அடி வைத்து நடந்தார்கள்.

இப்போது வாகனங்கள் திரும்ப இறங்குகின்றன. போனில் தினமும் படம் வருகிறது: பெயரும் முத்திரையும் அடித்த கொப்பி, யாராலும் கண்டுபிடிக்க ஏலாதாம். போன மாதம் காரை விற்கப்போகும் ஒருவர் வந்து, கொப்பி வீலின் நடுவில் ஒரிஜினல் பெயர் பதித்த மூடி போட்டுத் தரச் சொன்னார். “கொப்பி தாறன், மூடி தரமாட்டன்” என்றேன். ஏசிவிட்டு அடுத்த கடைக்குப் போனார். குரல் நடுங்கித்தான் சொன்னேன். உங்களுக்கும் அந்த மேடையில் நெஞ்சு அடித்ததா மச்சாள்? பக்கத்தில் நின்றும் நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை கொன்ரெய்னர் வருகிறது. நீங்கள் இல்லாமல் நான் தெரிவு செய்த முதல் சாமான். அன்ரன் வேலைக்கு லீவு போட்டிருக்கிறார், தானாகவே. ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்துத்தான் சுவரில் ஏற்றுவேன். விளங்காவிட்டால் பாரூக் நானாவிடம் கேட்பேன். அவருக்கும் விளங்காவிட்டால் விற்க மாட்டேன். விற்ற பிறகு பிழை என்று தெரிந்தால், வாங்கினவர் எங்கே இருந்தாலும் நானே போய் என் வாயால் சொல்லுவேன். இது சத்தியம்.

உங்கள் தம்பியின் மனைவி,
உங்களுக்கு என்றைக்கும் மச்சாள்,
கௌரி