ஒன்றரை மணிக்கு வரும் ஒருவர்

சின்னு,

போன் கண்ணாடியில் பச்சைக் கறை. தக்காளிக் காம்பு தொட்ட விரலால் தேய்த்தால் அப்படித்தான் ஆகும். முந்தானையில் துடைத்தேன், போகவில்லை. மோந்து பார்த்தால் அதே பச்சை வாசனை. நீ இருந்தால் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் தருவாய். "இது போனா, தக்காளிக் கூடையாக்கா?" என்று திட்டிக்கொண்டே.

மணி ஒன்றரை. தக்காளி மண்டியில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். நானும் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, நீ நெட்டில் எழுதிவந்த பிளாக்கைத் திறந்தேன். புதிதாக ஒன்றும் இருக்காது என்று தெரியும். நீ போய் நாலு மாசம் ஆகிறது. ஆனாலும் கை அங்கேதான் போகிறது.

இதை நான் பேசப் பேசப் போனே எழுதுகிறது. தப்பாக விழுவதை ஒற்றை விரலால் திருத்துகிறேன். அஞ்சாவதோடு நின்றவளுக்கு இவ்வளவு முடிகிறதே என்று நீ சிரிப்பாய்.

உடம்புக்கு வந்த பிறகு பாலக்கோட்டில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கப் போவது நின்றது. வாரத்துக்கு ரெண்டு நாள் தர்மபுரி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணும் மிஷினில் படுக்கை, மிச்ச நாள் ஜன்னல் ஓரம். அப்போதுதான் எழுத ஆரம்பித்தாய். காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறப்பாய். இன்று, நேற்று, இந்த மாதம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கீழே ஒரு கோடு.

"பாருக்கா, பஞ்சப்பள்ளி ரோடு மாதிரி ஏறுது, எறங்குது."

"ஏறினா நல்லதாடி?"

"ஏறினா ஆளு வராங்கன்னு அர்த்தம்."

ஒரு நாள் கோடு மலை மாதிரி ஏறி நின்றது. நான் கையைத் தட்டினேன். நீ உதட்டைப் பிதுக்கினாய்.

"அமெரிக்காவுல இருந்து வந்திருக்குதுக்கா. ஆளு இல்ல, மிஷினு. எல்லாப் பக்கத்தையும் தொறந்து பாத்துட்டுப் போற மிஷினு."

"மிஷினுக்குத் தமிழ் தெரியுமாடி?"

"தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போயிருக்குமே."

ரெண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நீ மிஷினையெல்லாம் கழித்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "நெசமா வந்தவங்க யாருமில்லக்கா."

"எப்படித் தொறக்கறதுன்னு சொல்லு, நான் தெனம் தொறக்கறேன்" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் போனிலும் லேப்டாப்பிலும் நீ பார்ப்பதை எண்ணக்கூடாது என்று ஒரு டிக் போட்டு வைத்திருந்ததைக் காட்டினாய். "நானே பாத்துட்டு நானே எண்ணிக்கிட்டா அது பொய்யில்லையா? வூட்டு ஆளுங்க பாக்கறது சேத்தி இல்லக்கா."

அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்ட் செல்போன் கடைத் தம்பியிடம் உன் பிளாக் பேரைச் சொன்னேன். அவன் போனில் ஒரு பொத்தான் மாதிரி வைத்துக் கொடுத்தான். தொட்டால் உன் எழுத்து வரும். சும்மா திறந்து மூடிவிட வேண்டும், எண்ணிக்கை ஒன்று ஏற வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். திறந்தால் முதல் வரியிலேயே நம் வீட்டு ஜன்னல் இருந்தது. மூட முடியவில்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். சோறு ஆறிப்போனது.

என்கூடத் தக்காளி தரம் பிரிக்கும் மும்தாஜ் அக்கா ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டாள். "என்னடி, சோத்த வுட்டுட்டுப் போன மொறைச்சிக்கிட்டு இருக்கற? அந்தப் பக்கம் யாரு, மாப்பிள்ளையா?"

"ஆமாக்கா, இந்த வயசுல."

"வயசென்னடி வயசு. வாய் அசையுதே, ஜெபமா?"

ஜெபம் மாதிரிதான் இருந்தது எனக்கு.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது நீ எழுந்து உட்கார்ந்திருந்தாய். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அக்கா, கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தங்க வராங்க. தெனம் ஒண்ணரைக்கு!"

எனக்குப் புரியவில்லை. ஒன்றரைக்குப் படித்தவள் மாரண்டஹள்ளி மண்டியில் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாளே. மறுநாள் செல்போன் கடைத் தம்பியிடம் கேட்டேன். "நெட்டு எங்கெங்கயோ சுத்தி வருதுங்கக்கா. போன் இங்க இருக்கும், ஊரு கோயமுத்தூர்னு காட்டும்" என்றான்.

நீ விடவில்லை. "ஒரு பதிவுக்கு இருவது நிமிஷம் இருக்கறாங்கக்கா! யாரும் அப்படி இருக்க மாட்டாங்க, ஒரு நிமிஷத்துல ஓடிருவாங்க. இவங்க ஒவ்வொரு வரியா ருசிச்சுப் படிக்கறாங்க. ரிட்டையர்டு டீச்சரா இருப்பாங்க."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். 'ஹீமோகுளோபின்' என்ற ஒரு சொல்லைத் தாண்டவே அன்றைக்கு எனக்கு அஞ்சு நிமிஷம் ஆனது, சின்னு.

அன்றே சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன். உன் சந்தோஷம் போய்விடும் என்பது ஒரு பயம். இன்னொன்று அதைவிடப் பெரிது. வீட்டில் "வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லக்கா" என்பாய். பிளாக்கில் வலிக்கிறது என்று எழுதுவாய். ஊசி குத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில் உள்ள ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொள்வேன் என்று எழுதினாய். படிப்பது நான் என்று தெரிந்தால் இதையெல்லாம் எழுதமாட்டாய். அப்புறம் உன்னைத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியில்லை.

உனக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே. அதைப் பற்றியும் எழுதினாய். "அக்கா எனக்கு அரை டம்ளர் கொடுத்துவிட்டு, தான் மட்டும் என் எதிரில் குடிப்பதில்லை. கொல்லைக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள்." அன்றைக்கு மண்டியில் தேம்பி அழுதேன். மும்தாஜ் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவை மூடி என் பையில் வைத்தாள்.

கொஞ்ச நாளில் உன் பக்கத்தில் எழுத்து பெரிதானது. வரி சின்னதானது. ஹீமோகுளோபின் போய், ரத்தத்தில் இருக்கிற சத்து என்று வந்தது. ஒன்றும் தெரியாதவள் மாதிரி உன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னடி எழுத்தெல்லாம் இவ்வளவு பெருசா?" என்றேன்.

"கோயமுத்தூர்க்காரங்களுக்கு வயசாச்சில்லக்கா, கண்ணு செரியாத் தெரியாது" என்றாய். திரும்பிப் பார்க்கவில்லை. "இப்பல்லாம் பத்து நிமிஷத்துல படிச்சிடறாங்க, தெரியுமா?"

கடைசியில் உன்னை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். நான் மண்டிக்குப் போகவில்லை. மூணாவது நாள் மத்தியானம் நீ போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். கையில் டேப் ஒட்டியிருந்தது.

"கோயமுத்தூர்க்காரங்க மூணு நாளா வரலக்கா. அவங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமிருக்காதில்ல?"

"இருக்காதுடி. இரு, டீ வாங்கிட்டு வரேன்."

வராந்தா கோடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு திறந்தேன். நீ ஒரு வாரத்துக்கு முன்னால் எழுதியதுதான் இருந்தது. அதையே முதலில் இருந்து கடைசி வரை படித்தேன். யார் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். முடித்துவிட்டு உள்ளே வந்தால் நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

"வந்தாங்கக்கா! இப்ப பாக்கறவங்க ஒண்ணுன்னு காட்டுச்சு. இப்பத்தான் போனாங்க."

"பாத்தியா, நான் சொன்னேன்ல."

"டீ எங்கக்கா?"

கையில் டீ இல்லை. மறந்தே போனேன். "கடை மூடிட்டான்" என்றேன். நீ என் கையைப் பிடித்து, கட்டை விரலை மட்டும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாய். அதில் பழைய பச்சைக் கறை இருந்தது. கண்ணை மூடினாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். நாலாம் நாள் விடியற்காலை போய்விட்டாய்.

இப்போது வீட்டில் நான் மட்டும். உன் லேப்டாப்பை வாரத்துக்கு ஒரு தடவை திறக்கிறேன். எண்ணிக்கைப் பக்கம் பூட்டாமல்தான் இருக்கிறது. போன மாசம் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு என் போனில் உன் பிளாக்கைத் திறக்காமல் இருந்தேன். நான் இல்லாவிட்டால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஒரே ஒரு நாள் ஒன்று ஏறியிருந்தது. அமெரிக்கா. மிஷினு. அதுவாவது வந்ததே என்று கும்பிட்டேன், சிரிக்காதே.

அந்தப் பக்கத்திலேயே கீழே தள்ளிக்கொண்டு போனால், வந்தவர் எந்தப் போனில் இருந்து வந்தார் என்றும் போட்டிருக்கிறது. எனக்கு அது இத்தனை நாள் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிறகு என் போனைத் திருப்பி, முதுகில் இருந்த பேரைப் படித்தேன். ரெண்டும் ஒன்று. உன் சம்பளத்தில் கடைசியாக நீ வாங்கிக் கொடுத்த போன். செல்போன் கடைத் தம்பியிடம் கேட்டால், "இந்தப் போனு எத்தனையோ பேர்கிட்ட இருக்கும்ங்கக்கா" என்கிறான். இருக்கும்தான்.

இதை உன் பிளாக்கிலேயே போடப் போகிறேன். எப்படிப் போடுவது என்று அந்தத் தம்பி காட்டிக் கொடுத்திருக்கிறான். எழுத்து நீ வைத்த அளவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு ஒன்றரைக்கு எண்ணிக்கை ஒன்று ஏறும். வூட்டு ஆள்தான், சேத்தி இல்லை.

ஒன்று மட்டும் சொல்லு. வலிக்கிறது என்றும், கொல்லையில் தண்ணீர் குடிக்கிறாள் என்றும் நீ எழுதியது முன்பின் தெரியாத யாருக்கோதானா? எழுத்தைப் பெரிசாக்கினாயே, அது யாருக்குடி, சின்னு?