தண்ணீருக்குக் கழித்த இரண்டு கிலோ

தெமோதரை
03.06.2024

அன்பு மகள் விதுர்ஷாவுக்கு,

இங்கு யாவரும் நலம். விடுதியில் போனுக்கு அனுமதி இல்லாததால் எனக்கும் கடிதம் எழுதும் பழக்கம் வந்துவிட்டது.

நேற்று உன்னைப் பார்க்க வந்தபோது, "என்ன புள்ள, ரெண்டு சுத்துப் பெருத்துட்டியே!" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். தோழிகள் முன்னால் சொன்னதற்கா கோபம்? விளையாட்டுக்குத்தானே சொன்னேன். ஆனாலும் பெண்கள் பாடசாலையில் பார்க்க யாருமில்லை என்று உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறீர்கள். நம் பாடசாலையில் ஆண்பிள்ளைகளோடு படித்த கடைசி வருடம் எப்படி மெலிந்திருந்தாய்! சோற்றைக் குறை. காலையில் ஓடு.

அன்புடன் அப்பா,
சிவஞானம்

பதுளை
09.06.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தினமும் ஓடுகிறேன். வலைப்பந்தும் ஆடுகிறேன். பசித்தால் சாப்பிடுகிறேன்.

நான் ஏன் மெலிந்தேன் என்று நீங்கள் கேட்டதேயில்லை. ஒன்பதாம் தரத்தில் பாடசாலைத் தராசு பழுதாகிவிட்டது. விளையாட்டு சேர் நீங்கள்தான். எங்களைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்துக்குக் கூட்டிப்போய், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் ஏற்றி, கணக்கப்பிள்ளை மாதிரி ஒவ்வொருவர் கிலோவையும் சத்தமாகச் சொன்னீர்கள். எனக்கு, "அறுபத்தொன்னு!" ஈரக் கொழுந்தென்றால் தண்ணீருக்கென்று எடையில் கழிப்பார்களே, அதை நினைத்து ஒருவன், "சேர், தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிங்க!" என்று கத்தினான். பையன்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அன்றிலிருந்து மதியச் சோற்றை நாய்க்குப் போட்டேன். பையன்கள் பார்ப்பார்கள் என்று மைதானத்துக்கும் போகவில்லை. படிப்புக்காகப் பதுளைக்கு வருகிறேன் என்றது பொய். இனி என்னைப் பார்க்க நீங்கள் வரவேண்டாம் அப்பா.

விதுர்ஷா

தெமோதரை
27.06.2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம்கூடக் காட்டவில்லை. அவ்வளவு வெட்கமாக இருக்கிறது. வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் அந்தப் பையனை அதட்டியிருப்பேன். சொந்த மகளுக்குப் பரிந்து பேசுகிறார் என்று சொல்வார்களே எனப் பயந்து சிரித்துவிட்டேன். அதைவிடக் கேவலம் உண்டா?

திங்கட்கிழமை இந்த வருட நிறுவை நடந்தது. ஒன்பதாம் தரத்தில் பத்தொன்பது பெண்பிள்ளைகள். வந்தது நாலு பேர். போன வருடமும் இதே கதைதான். காய்ச்சல் காலம் என்று பதிவேட்டில் எழுதி வைத்தவன் நான். இம்முறை பிள்ளைகளை அறைக்குள் வைத்து நிறுக்கும்படி பூவம்மா டீச்சரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். உனக்குச் செய்யாததை இப்போது செய்து என்ன?

ஞாயிறன்று அம்மா மட்டும் வருவாள். நான் பஸ் நிலையத்திலேயே இருந்துகொள்கிறேன். சோறும் கோழிக்கறியும் கட்டச் சொல்லியிருக்கிறேன். நீ வயிறாரச் சாப்பிட்டாய் என்று அவள் வந்து சொன்னால் போதும்.

அப்பா